இரண்டாம் முழுக்கு

இரண்டு மணிக்கு வேன் திரும்பிப் போய்விடும், அதற்குள் எழுந்து மேலே அந்த வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எழுந்து வேனுக்குப் போக வேண்டும், எதுவானாலும் முதலில் எழுந்திருக்க வேண்டும், அந்த முதல் வேலைதான் ஆகமாட்டேன் என்கிறது என்று திலகவதி நினைத்தாள். மணி பதினொன்றேகால். சிமென்ட் பெஞ்சின் குளிர் புடவையைத் தாண்டி, உள்ளே போட்டிருந்த கம்பளிக் கால்சட்டையைத் தாண்டி எலும்புக்கு வந்திருந்தது. மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் மறுபடி பூத்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்கள் இதற்கு சிப்பி சிப்பி என்று பேர் வைத்திருக்கிறார்கள், காலையில் வேனில் பக்கத்துச் சீட்டுப் பெண் ஜன்னலைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். போடிமெட்டில் இதுவே நூல்மழை. யக்கா இங்கேயும் நூல்மழை பெய்யுது, ஏலச்செடிக்குன்னே தறியில நெய்து விட்டாப்பல, என்று தம்பி சற்குணம் வந்த புதிதில் எழுதியிருந்தான். அப்போதெல்லாம் அவன் கடிதம் எழுதுவான், அப்போதெல்லாம் அவள் படிப்பாள். குவாத்தமாலா என்றால் எங்கே இருக்கிறது என்று கல்லூரி நூலகத்தில் பெரிய வரைபடத்தை விரித்து விரல் வைத்துத் தேடியிருக்கிறாள், இரண்டு கண்டங்களுக்கு நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிய நிலம், அதில் சான் இசித்ரோ என்று ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. இப்போது அந்த இல்லாத ஊரின் நடுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வெள்ளைத் தேவாலயம், அதன் படியில் வெற்றுக்கால்களோடு இரண்டு கிழவர்கள். பக்கத்தில் தகரக்கூரை போட்ட சந்தை. அதற்குப் பின்னால் எங்கோ ஏலக்காய் உலர்த்துகிறார்கள், பச்சைக்காய் சூட்டில் வாடும் அந்த வாசனை, பிறந்ததிலிருந்து மூக்கிலேயே இருந்ததால் வாசனை என்றே தெரியாமல் போன வாசனை, பதினேழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து உட்கார்ந்த பிறகு முதல்முறையாக வாசனையாக வந்தது. அறுபத்தாறு வயதில் ஒருத்திக்குத் தன் வீட்டின் வாசனை என்னவென்று தெரியவருவது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அதோ அந்தச் சரிவில் நீலமும் ரோஸும் பச்சையுமாகச் சின்னச் சின்ன வீடுகள், எவ்வளவு பிரியமாக வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று வந்து இறங்கியதும் நினைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் சிலுவை இருந்தது. கல்லறைகள். அதில் ஒன்று அவன். ரோஸ் நிறமாக இருக்காது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள், சின்ன வயதில் ரோஸ் நிறச் சட்டை எடுத்துவந்ததற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன். ஆனால் கடைசி நிறத்தை யாரும் தானாகவா எடுக்கிறார்கள். நாங்க புதைச்சிட்டோம், என்று அவன் மகள் எழுதியிருந்தாள். தப்பா, என்று கேட்டிருந்தாள். கைப்பையில் இருக்கிறது அந்தக் கடிதம், எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்று எட்டு வருஷமான பிறகும் கல்லூரி முகவரிக்கு வந்து, அங்கே ஒரு மாதம் கிடந்து, பழைய அட்டெண்டர் ஒருவர் நேரில் கொண்டுவந்து கொடுத்த கடிதம். அனுப்பியவர் பெயர் லூசியா குருவம்மாள் சற்குணம். லூசியாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பார்த்ததும் ஏதோ செத்தவளிடமிருந்தே கடிதம் வந்ததுபோல உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்திவைத்து எழுதிய தமிழ். அத்தைக்கு. அப்பா செத்துப்போனாங்க. நெஞ்சுவலி. உங்க ஆளுங்க செத்தா என்ன செய்வீங்கன்னு அம்மா கேக்குறாங்க. எங்களுக்குத் தெரியலை. நாங்க புதைச்சிட்டோம். தப்பா. அக்காவுக்குத் தெரியும்னு அப்பா சொல்வாங்க. அப்பா கடைசியாப் போட்ட சட்டையை அம்மா துவைக்கலை. அவங்க ஆளு யாராவது வந்து சொன்னாத்தான் துவைப்பேன்னு ஆணியில மாட்டி வச்சிருக்காங்க. அவ்வளவுதான் கடிதம். அதில் அழுகை இல்லை, வாங்க என்றுகூட இல்லை. அக்காவுக்குத் தெரியும். என்னடா தெரியும் எனக்கு.

தெரிந்த ஒன்றை அவள் செய்யவில்லை, அதுதான் விஷயம். சாவுச் சேதி எத்தனை நாள் கழித்து வந்தாலும் வந்த நிமிஷம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவளும் குளியலறைக்குப் போனாள், வாளியில் தண்ணீர் பிடித்தாள், குவளையில் மொண்டு தலைக்குமேல் தூக்கினாள். அப்படியே நின்றாள். கை வலிக்கும்வரை நின்றாள். ஏனென்றால் அவனுக்கு அவள் ஏற்கெனவே குளித்தாகிவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, கொட்டக்குடி ஆற்றில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் நிற்க. ஒரே மகன், ஏலக்காய்க் கம்பெனி வேலை என்று மூன்று வருஷத்துக்குப் போனவன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை, அம்மா போய்விட்டாள் என்று சொன்னதற்கு வர முடியவில்லை என்று இரண்டே வார்த்தையில் தந்தி மாதிரி பதில். கொள்ளி வைத்தவன் சித்தப்பா மகன். எலும்பு பொறுக்கும்போது அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சின்னமனூருக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று. அந்தக் கைக்கடிகாரம்தான் அவளை ஆற்றில் இறக்கியது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். இன்றோடு சற்குணம் என்கிறவனுக்கும் சேர்த்துத் தலை முழுகுகிறேன், எனக்குத் தம்பி கிடையாது என்று சத்தமாகச் சொல்லி மூன்றுதரம் முங்கி எழுந்தாள். இலக்கியம் படித்தவள், வகுப்பில் நாற்பது பெண்களைக் கண்கலங்க வைக்கிறவள், சொல்லை எங்கே நிறுத்தினால் எங்கே தைக்கும் என்று தெரிந்தவள். அன்று நன்றாகவே நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து அதையே எழுதி அவனுக்கும் அனுப்பினாள், உனக்குத் தலை முழுகிவிட்டேன் என்று, அவனைப்போலவே சுருக்கமாக. உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுக்குளியல் குளித்தாகிவிட்டது. ஓர் ஆளுக்கு ஒருதரம்தான். குவளையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அதுதான் கணக்காகத் தடுத்தது: இப்போது இவனுக்காகக் குளித்தால் இந்தப் பதினெட்டு வருஷமும் இவன் உயிரோடு இருந்தான் என்று ஆகிவிடும். உயிரோடு இருந்தவனோடு நான் பேசாமல் இருந்தேன் என்று ஆகிவிடும். தண்ணீரை மெதுவாக வாளியிலேயே ஊற்றினாள். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஹூஸ்டனில் இருக்கும் பழைய மாணவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அவளைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள், அங்கே பத்து நாள் இருந்துவிட்டு இங்கே டிக்கெட் போடச் சொன்னாள். தனியாவா மேடம், என்றாள் அந்தப் பெண். தனியாகத்தான். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒருத்தி வேறு எப்படிப் போவாள். யாருக்கும் எழுதவில்லை, வருகிறேன் என்று லூசியாவுக்கும் சொல்லவில்லை. சும்மா ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு மூலையில் இருந்தது. அந்த மூலை இப்போது பெரிதாகிக்கொண்டே வருகிறது. பதினொன்றே முக்கால்.

பறவைகள் வந்திருந்தன. எப்போது வந்தன என்று கவனிக்கவில்லை. காக்கை என்றுதான் முதலில் நினைத்தாள், ஆனால் காக்கையைவிட மெலிவு, வால் படகுத் துடுப்பு மாதிரி நீளம், கண் சுத்த மஞ்சள். ஏழெட்டு இருக்கும். வேறு பெஞ்சுகள் ஐந்தாறு இருந்தும் அவள் பெஞ்சைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தன, கடன்காரர்கள் மாதிரி இல்லை, காத்திருந்து பழகியவர்கள் மாதிரி, அவ்வப்போது தலையைச் சாய்த்து அவள் கையைப் பார்த்தன. கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டினாள். போகவில்லை. ஏலக்காய்ப் பொட்டலங்கள் ஞாபகம் வந்தன. கடிதம் நின்ற பிறகு வருஷாவருஷம் தை மாதத்தில், அங்கிருந்து போடிக்கு வரும் வியாபாரி யாரிடமாவது கொடுத்துவிடுவான், கால் கிலோ, ஒரு சீட்டுகூட இருக்காது. திருநெல்வேலிக்கே அல்வா, போடிக்கே ஏலக்காய் என்று சக ஆசிரியைகள் சிரிப்பார்கள். பிரிக்காமல் அப்படியே கல்லூரி விடுதிச் சமையலறைக்குக் கொடுத்துவிடுவாள், இருநூறு பெண்கள் பொங்கலில் போட்டுச் சாப்பிட்டார்கள், அவள் ஒருநாளும் சாப்பிடவில்லை. செத்தவன் அனுப்பியதைத் தின்னலாமா. போன வருஷமும் இந்த வருஷமும் பொட்டலம் வரவில்லை. போன வருஷத் தையில், ஆமாம், கேட்காமலே இருந்தாலும் மனசு வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, அப்போது அவன் உயிரோடுதான் இருந்திருக்கிறான், நோயாக இருந்திருப்பான், ஒரு போன் செய்திருக்கலாம். ஒரு போன். இந்த நினைப்பு வந்தால் போதும், இசைத்தட்டின் தடத்தில் மாட்டிய ஊசி மாதிரி அங்கேயே சுற்றும், ஒரு போன், ஒரு போன். அதை நிறுத்துவதற்காகவே எழுந்து நாலடி தள்ளி மண்ணெண்ணெய் அடுப்போடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள். எழுந்துவிட்டோமே என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

அந்தப் பெண் அறுபதை ஒட்டியவள், குட்டை, பூப்போட்ட நெய்த ரவிக்கை, பின்னலில் சிவப்பு நாடா. பானையில் மக்காச்சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. திலகவதியின் முகத்தைப் பார்த்தாள், தன் மூக்கைத் தொட்டாள், பிறகு இவள் மூக்கைக் காட்டினாள். குருவம்மாவின் மூக்கு, நுனியில் சற்றே இடப்பக்கம் ஒதுங்கியது, அக்காவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. "தோன் சார்கோ?" என்றாள் அந்தப் பெண். தோன் என்றால் ஐயா மாதிரி என்று தெரியும். சற்குணம் இந்த ஊர் நாக்கில் சார்கோ ஆகியிருக்கிறான். அவருக்கு நீ கூடப்பிறந்தவளா என்று கேட்கிறாள், கேட்பதற்கு மொழியே வேண்டியிருக்கவில்லை. "நோ" என்றாள் திலகவதி. அது எல்லா மொழியிலும் இருக்கிற சொல், நினைக்கும் முன்னால் வந்துவிட்டது. வந்த பிறகு வாயில் கசந்தது. அன்று ஆற்றில் சொன்னதாவது கோபம், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே யார் பார்க்கிறார்கள். அந்தப் பெண் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை, கஞ்சிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, சோளமாவில் ஒரு பிடி எடுத்து உருட்டி பெஞ்சுப் பக்கம் எறிந்தாள். பறவைகள் குதித்தன. பிறகு சாலையோரம் பழைய பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து ஏதோ கூவினாள், எல்மர் என்ற பேர் மட்டும் புரிந்தது. திலகவதி கோப்பையோடு பெஞ்சுக்கு ஓடினாள், ஓடினாள் என்றே சொல்ல வேண்டும், அந்த வயதில் ஓட்டம் எதுவோ அது. மணி பன்னிரண்டு இருபது. வேன் நிற்கும் இடம் அந்தத் திருப்பத்தில்தான்.

எல்மர் ஐம்பது வயதுக்காரன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையான தூரத்தில் நின்றான். ஆங்கிலம் பேசினான், வடக்கே அமெரிக்காவில் பதினோரு வருஷம் ஓட்டல்களில் பாத்திரம் கழுவிக் கற்ற ஆங்கிலம், வேகமும் மென்மையுமாக. நீங்கள் அவருக்கு யாரும் இல்லை என்று இந்தக் கஞ்சிக்கார ஒதிலியா சொல்கிறாள், சரி, யாரும் இல்லாதவர்களுக்கும் இந்த ஊரைச் சுற்றிக் காட்டுவேன் என்றான். அந்தக் கிண்டலில் முள் இல்லை. அவனே தொடர்ந்தான். இந்தப் பெஞ்சு தோன் சார்கோவின் பெஞ்சு. மாதம் ஒருதரம், நிலா இல்லாத நாளில், வாழையிலையில் சோற்றை உருண்டை பிடித்துக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டு இந்தச் சனாத்தேப் பறவைகளைக் கூப்பிடுவார். முதல் தடவை மொட்டைத்தலையோடு வந்தார், மீசையும் இல்லை. அதற்குமுன் ஆற்றில் உதடு நீலமாகும்வரை நின்றிருக்கிறார். சந்தையே சிரித்தது. பறவைகள் பயந்து வரவில்லை, நாள் முழுக்க உட்கார்ந்து கா, கா என்று கத்தினார், அதற்கும் சிரித்தோம். பிறகு பறவைகள் பழகின, நாங்களும் பழகினோம். தாய்க்குச் சோறு என்று ஒருநாள் சொன்னார். கேலி செய்தவர்கள்கூட அதற்குப்பின் அந்த நாளில் இந்தப் பெஞ்சில் உட்காருவதில்லை. திலகவதி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம் என்று கேட்டாள், தன் குரல் எங்கிருந்தோ வந்தது. கடைசிவரைக்கும் என்றான் அவன். பிறகு தொப்பியின் விளிம்பைத் திருகியபடி, அவரிடம் தாள்கள் இல்லை, வந்த விசா முடிந்துவிட்டது, போனால் திரும்ப விடமாட்டார்கள், வயிற்றுப்பிள்ளையோடு மனைவி கண்டெலாரியா இருந்தாள் என்றான். அவரிடம் ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன், இதைச் சொன்னால் என் அக்கா மன்னித்துவிடுவாள், மன்னிப்பு வாங்கிக்கொண்டு என்ன செய்வது, அம்மாவுக்கு நான் போகவில்லைதானே என்றார். எல்மர் தொப்பியை மறுகைக்கு மாற்றினான்.

"எங்கப்பா செத்த அன்னைக்கு நானும் அங்கே தட்டு கழுவிக்கிட்டிருந்தேன், மேடம். கிளம்பினா திரும்ப முடியாது. கழுவி முடிச்சுட்டுத்தான் அழுதேன்."

அதைச் சொல்லிவிட்டு யாரோ ஒருவரின் சமாசாரம்போல வானத்தைப் பார்த்தான். என் அக்கா மன்னித்துவிடுவாள். இந்தப் படுபாவி அப்படியா நினைத்தான். மன்னித்திருப்பேனா? கொட்டக்குடி ஆற்றங்கரையில் அன்று கடிதம் வந்திருந்தால், விசா முடிந்தது, பிள்ளைத்தாச்சி என்று எழுதியிருந்தால், கல்யாணம் செய்துகொண்டதைக்கூடச் சொல்லாதவன் என்று இன்னும் இரண்டுமுறை கூடுதலாக முங்கியிருப்பேன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. இல்லை, என்னை நான் இருந்ததைவிட நல்லவளாகத் தெரிந்து வைத்திருந்தான், அந்த ஒருத்தியை மனசில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலை முழுகிவிட்டேன் என்ற அந்தக் கடிதம் வந்த நாளிலும் மொட்டைத்தலையோடுதான் இருந்திருப்பான். நான் செத்தால் யார் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள் என்ற நினைப்பு குறுக்கே வந்தது, இந்த ஐந்து மாதமாக அடிக்கடி வருவது. சித்தப்பா மகன் கடிகாரம் பார்ப்பான். உலகத்தில் ரத்தபந்தம் என்று சொல்ல மிச்சமிருப்பது பார்த்தேயிராத ஒரு பெண், அவளும் தப்பா என்று கேட்டு ஐந்து மாதமாகப் பதிலில்லாமல் இருக்கிறாள். கோப்பையில் கஞ்சி ஆறிவிட்டது. அதைக் குடித்தாள். அடியில் ஏதோ தட்டுப்பட்டது, கடித்தபோது ஏலம். ஒதிலியாவைப் பார்த்தாள். இந்த மலை முழுக்க ஏலம் விளைந்தும் இந்த ஜனங்கள் வாயில் போடுவதில்லை என்று அவன் ஒரு கடிதத்தில் ஆச்சரியப்பட்டிருந்தான். ஒதிலியா தோளைக் குலுக்கி, "தோன் சார்கோ" என்றாள், அந்த ஒரு பேரே பதில்.

"எர்மானா" என்றாள் திலகவதி. வேனில் வரும்போது மனப்பாடம் செய்துவைத்த சொல், அக்காவோ தங்கையோ. தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். ஒதிலியா தலையசைத்தாள், தெரிந்த விஷயத்தை யாராவது தாமதமாகச் சொன்னால் அசைக்கிற மாதிரி. இன்னொரு பிடி மாவைப் பறவைகளுக்குப் போட்டாள்.

பிக்கப்பின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான் எல்மர். பின்னால் சாக்குகளோடு ஆறேழு பேர் நின்றுகொண்டு வந்தார்கள், பேச்சும் சிரிப்புமாக, மழை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. திருப்பத்தில் வேன் நின்றிருந்தது, டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதைப் பார்க்காமல் மடியைப் பார்த்தாள். செம்மண் பாதை, இருபுறமும் சோளம், சோளத்துக்கு மேலே நிழல்மரங்கள், அடியில் ஏலச்செடிகள் ஈரத்தில் கறுத்து. இதே சரிவு, இதே மூடுபனி, போடிமெட்டுப் பாதையில் ஏழாவது வளைவு என்று சத்தியம் செய்யலாம், ஆனால் குனிந்து களை எடுக்கிற பெண் நிமிர்ந்தால் வேறு முகம். அவனுக்கும் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும். எல்லாம் ஊர் மாதிரியே, ஊர் மட்டும் இல்லை. கல்லறைச் சரிவைக் கடந்தபோது எல்மர் விரலால் காட்டினான், மேலே மூன்றாவது வரிசை, ரோஸ். ரோஸா, என்றாள். மகளுக்குப் பிடித்த நிறம் என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள். பாலம் வந்தது. கீழே ஆறு, அகலமில்லை, பச்சை கலந்த நீர் கற்களைச் சுற்றி. இங்கேதானா என்று கேட்டாள். அவன் வண்டியை நிறுத்தினான், எதற்கு என்று கேட்கவில்லை.

செருப்பைக் கரையில் விட்டாள். கைப்பையையும் கண்ணாடியையும் எல்மரிடம் கொடுத்தாள், உலகம் மங்கலாகியது, நல்லதுதான். முதல் அடியில் குளிர் கணுக்காலைக் கத்தியாக வெட்டியது. புடவை மிதந்தது. முழங்கால், இடுப்பு, வயிறு, இங்கே நின்றுதான் உதடு நீலமாயிருக்கிறான், முப்பத்தாறு வயது, தலையில் முடியில்லாமல், சுற்றிலும் புரியாத மொழி. அன்று ஆற்றில் சொல்ல வார்த்தை இருந்தது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இன்றைக்கு எதைச் சொல்வது. இவன் இருந்தான். பதினெட்டு வருஷமும் இருந்தான். நான்தான் இல்லை. அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, சொன்னால் அழகாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது. முங்கினாள். காதுக்குள் ஆறு புகுந்து எல்லாச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டது. எழுந்தாள், மூச்சு வரவில்லை, மறுபடி முங்கினாள். மூன்றாவது முறை எழுந்தபோது மேலே பாலத்தில் மங்கலாக உருவங்கள், ஆண்கள் தொப்பிகளைக் கழற்றியிருந்தார்கள் போலத் தெரிந்தது, ஒருவேளை கண்ணாடி இல்லாததால் அப்படித் தெரிந்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் பின்னாலிருந்து ஒரு பெண் தன் சால்வையை ஜன்னல் வழியாக நீட்டினாள். பல் கிட்டிக்கொண்டு வந்தது. மணி பார்க்கவில்லை. எங்கோ கீழே ஒரு ஹார்ன் சத்தம், வேனாக இருக்கலாம்.

மரப்பலகை வீடு, தகரக்கூரை, முற்றத்தில் கோழிகள். வாசலுக்கு வந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயதிருக்கும், முகம் தாயின் முகம், அகன்றது, மூக்கு மட்டும் வேறு யாரிடமோ இருந்து கடன் வாங்கியதுபோல நுனியில் இடப்பக்கம் ஒதுங்கி. சொட்டச்சொட்ட நிற்கும் கிழவியைப் பார்த்தாள், எல்மரைப் பார்த்தாள், மறுபடி மூக்கைப் பார்த்தாள். கேள்வி எதுவும் தேவைப்படவில்லை.

"வாங்க அத்தை" என்றாள். சற்குணத்தின் குரல் இழுக்கிற அதே இடத்தில் இழுத்தாள். "மழையில நனைஞ்சுட்டீங்களா?"

"இல்லம்மா. உங்கப்பாவுக்குக் குளிச்சிட்டு வர்றேன்." பிறகு, ஐந்து மாதமாகச் சொல்லாமல் இருந்த பதில் அது என்பதால் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னாள், "புதைச்சது தப்பில்லை."

உள்ளேயிருந்து கண்டெலாரியா வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். குட்டையான பெண், கை முழுக்கச் சோளமாவு. திலகவதியின் ஈரத்தலையை நெடுநேரம் பார்த்தாள். மெதுவாக மகளிடம் ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால், அரை இருட்டில், ஆணியில் ஒரு வெளிர்நீலச் சட்டை தொங்கியது, கையை முழங்கைவரை மடித்துவிட்டபடி, எப்போதும் அவன் மடிக்கிறபடி.

"சட்டையைத் துவைக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க, அத்தை."

திலகவதி வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். சட்டைக்குப் பக்கத்தில், தொடாமல், நனைந்த தலையிலிருந்து தண்ணீர் அதில் சொட்டாத தூரத்தில் நின்றாள். வியர்வையும் புகையும் ஏலமும்.

"நாளைக்குத் துவைக்கலாம்னு சொல்லும்மா" என்றாள். "நான் இப்பத்தான் வந்தேன். இன்னைக்கு ஒருநாள் இருக்கட்டும்."